ஓநாய்த் தீவில் ஓர் எழுத்தறை

எழுதுகிறவர்களுக்கு வனத்தின்மீதுள்ள மோகம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. பட்டணத்து இரைச்சலும், குடும்ப விவகாரங்களும், வேளை கெட்ட வேளையில் வந்து கதவைத் தட்டும் மனிதர்களும் இல்லாத ஓரிடம் மட்டும் வாய்த்துவிட்டால், நெஞ்சுக்குள் இத்தனை காலமும் அடைபட்டுக் கிடந்த நாவலோ காவியமோ தானே பெருக்கெடுத்து வந்துவிடும் என்ற நம்பிக்கை, எழுதத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்ட அத்தனை பேரிடமும் உண்டு. தபோவனங்களைப் பற்றி நாம் கேட்டு வளர்ந்த கதைகளும் அந்த நம்பிக்கைக்கு உரம் போட்டிருக்கின்றன. மேல்நாட்டார் இதற்கு ஒரு ஸ்தாபன ரூபமே கொடுத்து, காட்டிலும் மலையிலும் தீவிலும் எழுத்தாளர்கள் சில வாரங்கள் தங்கி எழுத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றுள் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் என்னும் தீவை மட்டும் இங்கே தனியே எடுத்துப் பேசக் காரணம், அங்கே போகிறவருக்கு அவர் நாடிப் போன அமைதியைக் காட்டிலும் நாடாத வேலையே அதிகமாகக் கிடைக்கிறது என்பதும், அந்த வேலைதான் அவருடைய எழுத்துக்கு நன்மை செய்யக்கூடியது என்பதுமேயாகும்.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த இத்தீவு சுமார் 72 கிலோமீட்டர் நீளமும், மிகவும் அகன்ற இடத்தில் 14 கிலோமீட்டர் அகலமும் உள்ளது. ஹௌட்டன் நகரத்திலிருந்து புறப்படும் அரசாங்கக் கப்பல் அங்கே போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிறது. 1931-இல் சட்டம் இயற்றப்பெற்று, 1940-இல் தேசியப் பூங்காவாக அமைந்த இந்த நிலத்தில் மோட்டார் செல்லும் சாலை என்று ஒன்று கிடையாது. நாய் முதலிய வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுவரவும் அனுமதி இல்லை. நவம்பர் முதல் தேதியிலிருந்து ஏப்ரல் மாதத்தின் நடுப்பகுதி வரை, பனியும் புயலும் ஆட்சி செய்யும் அந்தக் காலம் முழுவதும், தீவு யாத்ரீகர்களுக்கு மூடப்பட்டுவிடுகிறது. ஃபிர், ஸ்புரூஸ், பிர்ச் முதலிய குளிர்தேசத்து மரங்கள் கரைவரை இறங்கி நிற்க, அவற்றுக்கு அப்பால், கோடையிலும் கைவைத்தால் விரல் மரத்துப்போகும்படி குளிர்ந்த ஏரி நீர் கடலைப்போல் விரிந்து கிடக்கிறது.

பூங்கா ஏற்படுவதற்கு முன்னால் இத்தீவில் மீனவக் குடும்பங்களும், வெயிற்காலத்தைக் கழிக்க வந்த செல்வக் குடும்பங்களும் வீடு கட்டிக்கொண்டிருந்தன. அவ்விதம் டாஸ்லர் என்ற குடும்பத்தாருக்கு உரியதாயிருந்த ஒரு மரக்குடில், டோபின் துறைமுகம் என்னும் நீண்ட ஒடுங்கிய நீர்நிலையின் வாயிலில், ஸ்கோவில் முனையின் பாறைகளுக்கு அருகில் நிற்கிறது. 1991-ஆம் ஆண்டு கலைஞர்களுக்கான வாசத் திட்டம் தொடங்கியபின், எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசை அமைப்பவர்களும் கோடைக் காலத்தில் ஒருவர் பின் ஒருவராக வந்து, இரண்டு மூன்று வாரம் இங்கே தங்குகிறார்கள். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. வருகிறவர் அந்த இடத்தின் அனுபவத்திலிருந்து பிறந்த படைப்பு ஒன்றைப் பூங்காவுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட வேண்டும். தங்கியிருக்கையில் யாத்ரீகர்களைக் கூட்டி வைத்துத் தம் கலையைப் பற்றிப் பேசவும் வேண்டும். முதல் எட்டு ஆண்டுகளில் தங்கியவர்களின் படைப்புகள் தொகுக்கப்பெற்று 2000-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்திருக்கின்றன.

இவ்வளவையும் கேட்கும்போது ஏகாந்தம் என்ற சொல்லே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் ஏகாந்தத்தின் முதல் பாடம் தண்ணீர்ப் பாத்திரத்திலிருந்தே ஆரம்பமாகிறது. ஏரியிலிருந்து மொண்டு வந்த நீர் பளிங்குபோல் தெளிவாக இருந்தாலும் அதை அப்படியே குடிப்பது ஆபத்து. ஓநாயின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டைகள் அதன் மலத்தோடு வெளிப்பட்டு நிலத்திலும் நீரிலும் கலக்கின்றன. அவற்றைப் புல்லோடும் தழையோடும் உட்கொள்ளும் மூஸ் என்னும் பெரிய மானின் நுரையீரலில் அவை கட்டிகளாக வளர்கின்றன. அந்த மானை ஓநாய் அடித்துத் தின்னும்போது புழு தன் பழைய வீட்டுக்கே திரும்பிவிடுகிறது. குளோரின் மாத்திரைகளுக்கு மசியாத இம்முட்டைகளுக்கு அஞ்சி, நீரை ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும், அல்லது மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்துக்கொள்ள வேண்டும். வனத்தின் சௌந்தரியத்தைப் பற்றி எழுத வந்தவர், ஒரு வாக்கியம் எழுதுவதற்கு முன்பே, கொல்வதற்கும் கொல்லப்படுவதற்கும் இடையிலுள்ள சம்பந்தத்தைத் தம் குடிநீரிலேயே சந்தித்துவிடுகிறார். அலங்காரமான வர்ணனைகள் அநேகம் அந்த அடுப்பங்கரையிலேயே உதிர்ந்துபோக வேண்டியவைதாம்.

உண்மையில், இத்தீவில் எழுத வருகிறவர் அங்கே முதல் எழுத்தாளர் அல்லர். பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டர்வர்ட் ஆலன் 1958-ஆம் ஆண்டில் ஓநாயையும் மூஸையும் பற்றிய ஆராய்ச்சியை இங்கே தொடங்கிவைத்தார். ஆசிரியரிடமிருந்து மாணாக்கருக்கென்று கைமாறிக் கைமாறி அது இன்றளவும் நடந்து வருகிறது. 1970-இல் மாணாக்கராக வந்து சேர்ந்த ரால்ஃப் பீட்டர்சன் தம் ஆயுளின் பெரும்பகுதியையே அதற்கு அர்ப்பணித்துவிட்டார். வேட்டையாடும் பிராணியையும் வேட்டையாடப்படும் பிராணியையும் ஒருசேர இவ்வளவு நீண்டகாலம் இடைவிடாமல் கவனித்த ஆராய்ச்சி உலகில் வேறெங்கும் இல்லை. குளிர்காலத்தில் தீவு மூடியிருக்கும்போது ஆராய்ச்சியாளர்கள் சிறிய விமானத்தில் பறந்து பனியின்மேல் தெரியும் தடங்களைப் பார்த்துக் கணக்கெடுக்கிறார்கள். கோடையில் தொண்டர்கள் பாதையை விட்டு விலகிச் சேற்றிலும் முட்புதரிலும் நுழைந்து, இறந்துபோன மூஸ்களின் எலும்புகளைத் தேடிச் சேகரித்து வருகிறார்கள்.

அந்த எலும்புகளில் ஒன்றைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மண்டையோட்டிலிருந்து ஒரு பல்லை எடுத்து, மெல்லிய தகடாக அறுத்து, நுண்பெருக்கியின் கீழ் வைத்தால், மரத்தின் வளையங்களைப்போல் வருஷத்துக்கு ஒன்றாகப் படிந்த அடுக்குகள் தெரிகின்றன. அவற்றை எண்ணி விலங்கின் வயதைச் சொல்லிவிடலாம். தாடை எலும்பு குழிந்திருந்தால் ஈறு அழுகிப்போய் அது மெல்ல முடியாமல் தவித்த கதை தெரியவருகிறது. இடுப்பு மூட்டு தேய்ந்து முரடாகியிருந்தால் அது வாதநோயின் அடையாளம். அதே விலங்கின் பின்னங்காலெலும்பு அளவில் குறுகியிருப்பதையும் கண்டு, இரண்டையும் நூற்றுக்கணக்கான விலங்குகளில் ஒப்புநோக்கிய பின், கன்றுப் பருவத்தில் போதிய ஊட்டமில்லாமல் வளர்ந்த மூஸ்களே முதுமையில் பெரும்பாலும் மூட்டுவாதத்துக்கு ஆளாகின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். இளமையில் பட்ட பட்டினி வயோதிகத்தில் காலை வாரிவிடுகிறது. நொண்டும் விலங்கை ஓநாய் தேர்ந்தெடுக்கிறது. ஒரு ஜீவனுடைய சரித்திரத்தை இதைவிடச் செட்டாகச் சொல்லும் நாவலாசிரியர் எத்தனை பேர் இருப்பார்கள்?

கவனிப்பதோடு நின்றுவிடலாமா, கைகொடுக்க வேண்டுமா என்ற தர்மசங்கடமும் இத்தீவின் சரித்திரத்தில் இருக்கிறது. ஏரி உறைந்த ஒரு குளிர்காலத்தில், 1940-களின் இறுதியில், பனிப்பாலத்தின்மீது நடந்து வந்து சேர்ந்த ஓநாய்களின் சந்ததி 1980-இல் ஐம்பதாகப் பெருகியது. பார்வோ என்னும் நாய்நோய் பரவியதால் இரண்டே ஆண்டுகளில் பதினான்காகக் குறைந்தது. பிற்காலத்தில் ஏரி உறைவதே அரிதாகிவிடவே, வெளி ரத்தம் கலக்க வழியின்றி, உறவுக்குள்ளேயே இனம் பெருக்கி, முதுகெலும்பு கோணி நலிந்து, கடைசியில் தகப்பனும் மகளுமான இரண்டே ஓநாய்கள் எஞ்சின. அவற்றுக்கு அஞ்ச வேண்டிய அவசியமில்லாத மூஸ் கூட்டம் இரண்டாயிரத்தைத் தாண்டி, இளம் ஃபிர் மரங்களைத் தலைதூக்கவிடாமல் மேய்ந்து தீர்த்தது. வனத்தை அதன் போக்கில் விட்டுவிடுவதே தர்மம் என்று ஒரு சாராரும், மனிதன் உண்டாக்கிய வெப்பத்தால் அறுந்த பாலத்துக்கு மனிதனே பரிகாரம் தேட வேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள். முடிவில் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் பத்தொன்பது ஓநாய்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டன.

இந்தச் செய்திகளெல்லாம் நடந்துகொண்டிருக்கும் இடத்துக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து இறங்குகிற எழுத்தாளருக்குத் தம் உள்ளத்தின் அசைவுகளை மட்டும் எழுதிக்கொண்டு திரும்புவது சற்றுக் கூச்சமாகவே இருக்கும். அவர் தங்கும் சில வாரங்களில் ஓநாயைக் கண்ணால் காணும் பாக்கியம் கிடைப்பது அபூர்வம். காலடித்தடம், கடித்த கிளை, ஏரிக்கு அப்பாலிருந்து வரும் லூன் பறவையின் குரல் ஆகியவைகொண்டே அவர் திருப்தியடைய வேண்டும். கிடைத்த சொற்பத்தைப் பிசகில்லாமல் குறித்துக்கொள்வதும், தெரியாத இடத்தைக் கற்பனையால் மெழுகாமல் இருப்பதும், தாம் போனபின் வருகிறவர் தொடர்ந்து பார்ப்பார் என்ற நம்பிக்கையோடு எழுதுகோலை மூடுவதும் விஞ்ஞானிகளுக்கே உரிய குணங்கள் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அவை வசனம் எழுதுகிறவனுக்கும் வேண்டிய குணங்களே. தனிமை வேண்டும் என்பவர் வீட்டிலேயே ஓர் அறையைத் தாழிட்டுக்கொள்ளலாம். அதற்குக் கப்பலேறி ஆறு மணி நேரம் போக வேண்டியதில்லை. தம்மை மறந்து பிறிதொன்றைப் பார்க்கப் பழக வேண்டும் என்று தோன்றினால் மட்டும் அந்தப் பிரயாணம் தகும். கூலியாக ஒரே ஒரு படைப்பைத்தான் கேட்கிறார்கள். கற்றுக்கொள்வதோடு ஒப்பிட்டால் அது மலிவான விலையே.