ஊர் விட்டு ஊர் வந்த கதையெல்லாம் படப்புத்தகத்தில் இருக்கிறது, தெரியுமா?

ஓணம் கேரளத்துப் பண்டிகை. ஆனால் அதற்குக் கோவை மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள், தெரியுமா? தலைமுறை தலைமுறையாகத் தறி நெய்யும் தேவாங்கர் வீடுகளுக்குள் போனால் கன்னடமும் தெலுங்கும் காதில் விழும். பருத்தி வாங்கி விற்க வந்த குஜராத்திகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். 1888-ல் கோவையின் முதல் நூற்பாலையைத் தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ் ஓர் ஆங்கிலேயர். இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒடிசாக்காரரும் பீகார்காரரும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். அடேங்கப்பா, எத்தனை பேர் வந்து சேர்ந்து கட்டிய மண் இந்தக் கொங்கு நாடு!

இப்படி ஊர் மாறி வந்தவர்களின் கதையைக் குழந்தைகளுக்குப் படமாகச் சொல்ல உலகமெங்கும் என்னென்ன வித்தை செய்திருக்கிறார்கள் தெரியுமா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரு சொல்கூட இல்லாமல் 128 பக்கம்!

ஆஸ்திரேலிய ஓவியர் ஷான் டானின் தந்தை மலேசியாவிலிருந்து போனவர். டான் 2006-ல் ‘தி அரைவல்’ என்று ஒரு புத்தகம் போட்டார். குடும்பத்தை விட்டுவிட்டுப் புது தேசத்துக்குப் பிழைக்கப் போகும் ஒருவரின் கதை. அதில் வசனமே கிடையாது! அந்த தேசத்துப் பெயர்ப்பலகைகளில் இருக்கும் எழுத்துகள்கூட ஓவியரே உருவாக்கியவை. கதாநாயகனுக்கும் அவற்றைப் படிக்கத் தெரியாது, நமக்கும் தெரியாது. வழி தெரியாமல் அவர் திகைக்கும் ஒவ்வொரு இடத்திலும் நாமும் திகைக்கிறோம். திருப்பூர்ப் பள்ளியில் தமிழ்ப் பிள்ளையும் ஒடியா பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, மொழிபெயர்ப்பே இல்லாமல் சேர்ந்து ‘வாசிக்க’ இதைவிட நல்ல புத்தகம் உண்டா?

லண்டன் பிக் பென் ஒரு சேவல்!

மத்தியப் பிரதேசத்துப் பாட்டன்கட் கிராமத்தின் கோண்ட் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், லண்டனில் ஓர் உணவகத்துச் சுவரில் ஓவியம் தீட்டப் போனார். திரும்பி வந்து தன் கண்ணால் பார்த்த லண்டனைத் தன் ஊர்ப் பாணியில் வரைந்தார். நேரம் சொல்லும் கோபுரம் அங்கே சேவலோடு ஒன்றாகிவிட்டது. சுரங்க ரயில் மண்ணுக்குள் ஊரும் மண்புழு. ஆகாய விமானம் சிறகு முளைத்த யானை! ‘தி லண்டன் ஜங்கிள் புக்’ என்ற இதை 2004-ல் வெளியிட்டது நம் சென்னையின் தாரா புக்ஸ். 2018-ல் பஜ்ஜு ஷ்யாமுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

வெறும் கோடும் புள்ளியும்தான்!

ராஜஸ்தான் கிராமத்தில் பிறந்து, பாட்டுப் பாடிப் பிழைத்து, நகரத்துக்கு வந்து சேர்ந்தவர் தேஜுபென். அந்த வாழ்க்கையைக் கறுப்புக் கோட்டிலும் புள்ளியிலும் அவரே வரைந்தது ‘டிராயிங் ஃப்ரம் தி சிட்டி’. இதுவும் தாரா புக்ஸ் வெளியீடு. அவர் வரைய வரைய, படத்துப் பெண்கள் சைக்கிள் ஏறுகிறார்கள், கார் ஓட்டுகிறார்கள், ஆகாயத்தில் பறக்கிறார்கள்!

துணி வெட்டி ஒட்டிய பிரிவினை!

1947-ல் கராச்சியில் பிரிந்த இரண்டு சிறுவர்களின் நட்பு ‘முகந்த் அண்ட் ரியாஸ்’. தன் தந்தையின் நினைவுகளிலிருந்து இதைச் செய்தவர் நீனா சப்னானி. வெளியிட்டது சென்னையின் தூலிகா. படங்களெல்லாம் துணித்துண்டு ஒட்டுத் தையல் பாணியில்! பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் திருப்பூருக்கு இது எப்பேர்ப்பட்ட யோசனை! அந்தத் துணியைத் தைத்தவரின் பயணத்தை அந்தத் துணியாலேயே சொல்லலாமே.

கூழாங்கல்லில் அகதிகள்!

சிரியாவின் நிஸார் அலி பத்ர், கூழாங்கற்களை அடுக்கியே மனிதர்களைச் செய்கிறார். முதுகில் மூட்டை, இடுப்பில் குழந்தை, எல்லாம் கல்! அந்தப் படங்களைப் பார்த்து வியந்த மார்க்ரியட் ரூர்ஸ் எழுதிய ‘ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ்’ 2016-ல் ஆங்கிலமும் அரபியும் அருகருகே இருக்க வெளிவந்தது.

மடிப்பு மடிப்பாக விரியும் பயணம்!

மெக்சிகோவிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் ஒரு சிறுவனின் கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்று, பழைய மெக்சிகோ சுவடி போலவே மடிப்பு மடிப்பாக விரிகிறது. முழுதும் விரித்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓவியம்! ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு மடிப்பு வைத்தால் நமக்கும் ஒரு புத்தகம் தயார்!

வந்த பிறகும் தீராத ஏக்கம்!

வால்பாறை என்றதும் இதையும் கேளுங்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அதுதான் 1976-ல் டேன்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமானது. நீலகிரியிலும் வால்பாறையிலும் அதன் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே ‘இந்தியத் தமிழர்’ என்று எண்ணப்பட்டவர்களை இங்கே ‘சிலோன்காரங்க’ என்றார்கள்!

இந்த இரட்டை ஏக்கத்தைச் சொல்லும் புத்தகமும் உண்டு. ஆலன் சேயின் ‘கிராண்ட்ஃபாதர்ஸ் ஜர்னி’. அமெரிக்காவில் இருந்தால் ஜப்பானையும், ஜப்பானில் இருந்தால் அமெரிக்காவையும் தேடித் தவிக்கும் தாத்தாவின் கதை. 1994-ல் படப்புத்தகங்களுக்கான கால்டிகாட் பதக்கம் வென்றது. அந்தத் தாத்தாவின் இடத்தில் நம் தேயிலைத் தோட்டத்துப் பாட்டியை வைத்துப் பாருங்கள், கதை அப்படியே பொருந்தும்!

32 பக்கம் போதும்!

படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான், ஏன் தெரியுமா? அச்சகத்தில் பெரிய தாளை மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டெட்டாக, பதினாறு பதினாறாகத்தான் வரும்!

மேலே பார்த்த எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். ஒன்று, பயணப்பட்டவரே தூரிகை பிடித்தார். இல்லையென்றால் அவர் பிள்ளை பிடித்தார். அதுவும் இல்லையென்றால் அந்த மண்ணின் கல்லும் துணியும் சுவடியும் கதை சொல்லின. கொங்கு நாட்டுக்கும் அதுதான் வழி. அப்புச்சியிடமும் அமுச்சியிடமும் எங்கிருந்து வந்தார்கள், கையில் என்ன கொண்டு வந்தார்கள் என்று கேளுங்கள். அடுத்த லைன் வீட்டு ஜார்க்கண்ட் அக்காவிடமும் கேளுங்கள். பென்சிலை அவர் கையிலேயே கொடுங்கள்!