எப்போது போடுகிறோம், எதோடு போடுகிறோம்?

எல்லா வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் இருப்பவை ஏறக்குறைய ஒரே பொருள்கள்தான். உப்பை எப்போது போடுவது, பூண்டை உரித்தவுடன் வதக்குவதா என்பதெல்லாம் கைப்பழக்கமாகவே நடக்கின்றன. ஆனால் சத்து தங்குவதும் வீணாவதும் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில்தான் முடிவாகிறது.

உப்பு: இறக்கும்போது போதும்

தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்ய, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். அதற்காகத்தான் உப்பில் அயோடின் சேர்க்கிறார்கள். ஆனால் சூடும் ஈரமும் அதற்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து கிடக்கும் உப்பிலிருந்தும், நெடுநேரம் கொதிக்கும் குழம்பிலிருந்தும் அயோடின் குறைந்துகொண்டே போகும். உப்பை இறுக மூடிய டப்பாவில் வைத்து, சமையலின் கடைசிக் கட்டத்தில் சேர்ப்பது நல்லது. இந்துப்புக்கு முழுமையாக மாறுகிறவர்கள், அதில் அயோடின் மிகக் குறைவு என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

அளவும் முக்கியம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

மஞ்சளுக்குத் துணை மிளகு

மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான் இருக்கிறது. அதுவும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தனியாகச் சாப்பிட்டால் உடல் அதைக் கொஞ்சமே உறிஞ்சும். 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேரும் அளவு பன்மடங்கு உயர்ந்ததை பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் வெளியிட்டார்கள். எண்ணெயும் மிளகும் மஞ்சளும் சேர்ந்த பொங்கலிலும் மிளகுக் குழம்பிலும் இந்தக் கூட்டு இயல்பாகவே அமைந்திருக்கிறது.

ஆனால் அந்த 2 கிராம் குர்குமினுக்கு 60 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும். சமையல் மஞ்சளை மருந்தாக நினைத்து சிகிச்சையை நிறுத்தக் கூடாது. வீரியமான குர்குமின் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொட வேண்டாம்.

கண்ணைப் பறிக்கும் நிறத்தை நம்பியும் மஞ்சள் வாங்கக் கூடாது. வங்கதேசத்தில் நிறம் கூட்டுவதற்காக ஈயம் கலந்த லெட் குரோமேட்டைச் சேர்ப்பது 2019-இல் ஆய்வாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தது. அரசு கடும் நடவடிக்கை எடுத்த பின், 2021-இல் சோதித்த சந்தை மாதிரிகளில் அந்தக் கலப்படம் காணப்படவில்லை.

பூண்டு: நசுக்கிய பின் பத்து நிமிடம்

முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. பல்லை நசுக்கும்போது அதிலுள்ள நொதி வேலை செய்து, அல்லிசின் உருவாகிறது. உடனே சூடான எண்ணெயில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். முதலில் பூண்டை நசுக்கி வைத்துவிட்டு மற்ற காய்களை நறுக்கினால், தேவையான பத்து நிமிடம் தானாகக் கிடைத்துவிடும்.

புளியும் எலுமிச்சையும்

புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேகத் தாமதமாகும். அதனால் பருப்பு குழைந்த பிறகே புளிக்கரைசல் ஊற்ற வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பின் பிழியலாம். அதிலுள்ள வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும் இதற்கு நேர்மாறானவை. இரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

பெருங்காயத்தில் கோதுமை

கடையில் கிடைப்பது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காரம் அதிகமுள்ள பெருங்காயப் பிசினோடு மைதா, கோதுமை மாவு அல்லது அரிசி மாவு கலந்திருப்பார்கள். கோதுமை ஒவ்வாமையோ சீலியாக் நோயோ உள்ளவர்கள் லேபிளைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

பொரித்த எண்ணெய்

திரும்பத் திரும்பச் சூடாக்கும் எண்ணெயில் கேடான சேர்மங்கள் பெருகும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது. வீட்டில் அதை அளக்க முடியாது. ஆனால் நிறம் கறுப்பது, நுரை பொங்குவது, பிசுபிசுப்பது, சீக்கிரமே புகைவது ஆகிய அறிகுறிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். வடை பொரித்த எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிப்புக்குப் பயன்படுத்தித் தீர்த்துவிட வேண்டும். மறுபடி பொரிக்க எடுத்து வைக்கக் கூடாது.