வீடு திரும்பும் உரிமை

முதுகெலும்புக் காயத்துக்கோ பக்கவாதத்துக்கோ சிகிச்சை பெற்றவர் வீடு திரும்பும் நாள் குடும்பம் ஆவலோடு காத்திருக்கும் நாள். ஆனால், வாசலில் நான்கு படிகள். சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு. மாடிக்கு மின்தூக்கி இல்லை. இந்நிலையில், "ஏதேனும் ஓர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?" என்று உறவினர் தயக்கத்துடன் கேட்பதுண்டு. அந்த முடிவை எடுக்கும் முன், சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

சமூகத்தோடு வாழும் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 5ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்கிறது. இன்ன இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்தப்படாதிருக்கவும், தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட ஆதரவுச் சேவைகள் அவர்களுக்குக் கிடைக்கவும் அரசு முயல வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. ஆகவே, எங்கே வாழ்வது என்னும் கேள்வியை முதலில் நோயாளியிடமே கேட்க வேண்டும்.

மனநலச் சிகிச்சை பெறுவோருக்கு, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 19ஆம் பிரிவு இன்னும் தெளிவான பாதுகாப்பைத் தருகிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்னும் காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. குடும்பம் கைவிட்டால், குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற, சட்ட உதவி உட்பட உரிய ஆதரவை அரசு வழங்க வேண்டும்.

கட்டடமும் வீட்டு ஒதுக்கீடும்

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, அணுகல் விதிகளுக்கு இணங்காத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரலாகாது. விதிகளைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றும் தரலாகாது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக நிற்பது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது.

அரசின் வீட்டுவசதித் திட்டங்களில், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட குறைபாடு உடையோருக்கு 5 விழுக்காடு ஒதுக்கீட்டை 37ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. அதில் பெண்களுக்கு முன்னுரிமை உண்டு.

தனியார் வாடகை வீட்டில் மாற்றங்கள் செய்யும் முன் உரிமையாளரின் ஒப்புதலை எழுத்தில் பெறுவது நல்லது. வேண்டும்போது அகற்றக்கூடிய சாய்தளம், கைப்பிடி போன்றவற்றுக்குப் பெரும்பாலும் இணக்கம் கிடைக்கும். சாய்தளத்தின் சரிவு 1:12 என்னும் அளவில் இருக்க வேண்டும். அதாவது, 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் தேவை. கதவின் திறப்பு 900 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் சக்கர நாற்காலி எளிதாக நுழையும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். ஒதுக்கீடு முதலிய பயன்களுக்கு இவையே அடிப்படை.

இரண்டாவதாக, மருத்துவமனையிலிருந்து விடைபெறும் முன்பே, வீட்டில் தேவையான மாற்றங்களைக் குறித்து மருத்துவரிடமும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடமும் எழுத்துக் குறிப்பு பெறுங்கள். "நோயாளி சிரமப்படுகிறார்" என்பதைவிட, "சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவர், சாய்தளம் இன்றியமையாதது" என்னும் குறிப்பே பயன் தரும்.

மூன்றாவதாக, குடியிருப்போர் சங்கத்திடமோ உரிய அலுவலகத்திடமோ கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். படிகளின் ஒளிப்படங்களையும் தேதியுடன் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவரது பரிந்துரையை ஏற்காத அதிகார அமைப்பு, அதற்கான காரணத்தை மூன்று மாதங்களுக்குள் அவருக்குத் தெரிவிப்பதோடு, பாதிக்கப்பட்டவருக்கும் அறிவிக்க வேண்டும்.

ஐந்தாவதாக, வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987-இன் 12ஆம் பிரிவின்கீழ், மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்னும் எண்ணிலும் அழைக்கலாம்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு சொல்: கோரிக்கை நோயாளியின் பெயரிலேயே, அவர் விருப்பத்தைக் கேட்டறிந்தபின் எழுதப்படட்டும். பேச இயலாதவரும் தலையசைப்பால், எழுத்துப் பலகையால், கண் அசைவால் தம் விருப்பத்தைத் தெரிவிக்கக்கூடும். அதற்குப் பொறுமையுடன் காத்திருப்பதும் அவரது உரிமையைக் காப்பதன் ஒரு பகுதியே.