அப்பா தட்டிப் பார்த்து எடுத்த அபார்த்

மொன்றியல் துறைமுகத்தை ஒட்டி ஓடும் நோத்ர்-டாம் வீதியில், கொள்கலன் கிரேன்கள் தெரியும் ஒரு வாகனத் தரிப்பிடம். ஏப்ரல் மாதக் குளிர். எழுபத்திரண்டு வயது அப்பா நிலத்தில் காட்போட் மட்டை விரித்து, மல்லாந்து படுத்து, ஒரு சின்னச் சிவப்புக் காருக்கு அடியில் தலையை விட்டிருந்தார். கையில் ஸ்குறூ டிறைவர். காரை விற்க வந்த பெடியன் என்னைப் பார்த்தான். நான் கிரேன்களைப் பார்த்தேன்.

"டொக் டொக் எண்டு கேக்குது, இது பரவாயில்லை" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "போன கிழமை பாத்தது சொத் சொத் எண்டெல்லோ கேட்டது."

கார் 2015ஆம் ஆண்டு பியற் 500 அபார்த். 88,000 கிலோமீற்றர் ஓடியது, ஐந்து கியர், மனுவல். 1.4 லீற்றர் எஞ்சின்தான்; ஆனால் ரேர்போ பூட்டி 160 குதிரைவலு. சைலன்சர் சத்தத்தைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கர்ட்டினை விலக்குவார். இரண்டு பிள்ளைகளும் வீட்டில் ஒரு வானும் இருக்கும் மனிசனுக்கு இது தேவையா என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஏழு வருசமாக வேலைக்கும் டேகெயாருக்கும் இடையில் வான் ஓட்டியவனிடம் அதற்குப் பதில் இல்லை.

அப்பாவைக் கூட்டிப் போனதற்கு வேறு காரணம். இருபத்தைந்து வருசம் இந்த நகரத்தில் ரக்ஸி ஓட்டியவர். கண் பார்வை குறைந்து லைசன்ஸை விட்ட நாளிலிருந்து கதையைக் குறைத்துவிட்டார். "கார் ஒண்டு பாக்கப் போறன், வாறீங்களோ?" என்றதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றார்.

போன கிழமை பார்த்தது ஒரு விற்பனை நிலையத்தில். மேலே பளபளப்பு, அடியில் புதுக் கறுப்புப் பூச்சு. அப்பா ஒரு இடத்தில் குத்தினார். ஸ்குறூ டிறைவர் உள்ளே போய்விட்டது. "கறளுக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்கிறான், வா போவம்." நான் தனியப் போயிருந்தால் அன்றைக்கே முற்பணம் கட்டியிருப்பேன்.

இங்கே பழைய கார் வாங்குபவருக்கு எஞ்சினை விடப் பெரிய எதிரி உப்பு. கியூபெக் வீதிகளில் கொட்டும் உப்பில் ஒரு பங்கு மக்தலேன் தீவுகளின் சுரங்கத்திலிருந்து கப்பலில் வருவது; மொன்றியல் துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளிலும் உப்பு உண்டு. அதனால் பனி முடிந்த கையோடு, காரை லிஃப்ற்றில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். நானும் அப்பாவின் தட்டலோடு விடாமல், காசு கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். இந்த எஞ்சினின் மல்ரிஎயர் முறையில், உள்வால்வுகளைத் திறப்பது எண்ணெய் அழுத்தம். முந்தின சொந்தக்காரர் எண்ணெயைக் கவனிக்காமல் விட்டிருந்தால் செலவு உங்கள் தலையில். எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். வட அமெரிக்காவில் இந்தப் பெற்றோல் 500 விற்பனை 2019 மொடலோடு நின்றுவிட்டது என்பதையும் யோசிக்க வேண்டும்.

பிறகு கடதாசி வேலை. கார் மேல் கடன் இருக்கிறதா என்று மாகாணத்தின் ஆர்.டி.பி.ஆர்.எம். பதிவேட்டில் பாருங்கள், கடன் காரோடு சேர்ந்து உங்களிடம் வரும். தனியாரிடம் வாங்கினாலும் 9.975 வீத மாகாண வரி உண்டு. நீங்கள் கொடுத்த விலைக்கா, மதிப்பீட்டுப் பெறுமதிக்கா என்றால், எது கூடவோ அதற்கு. மலிவாக வாங்கினேன் என்று சந்தோசப்பட்டால் பதியும் இடத்தில் சிரிப்பு நிற்கும். மறைந்திருந்த பழுதுக்குத் தனியார் விற்பனையாளரும் கியூபெக் சட்டப்படி பொறுப்பு. ஆனால் 'சட்ட உத்தரவாதம் இல்லாமல்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அது போய்விடும். பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த எங்கள் தலைமுறை பெற்றோருக்காகச் செய்யக்கூடிய வேலை இது.

கார் இத்தாலியன் என்கிறார்கள். இது கட்டப்பட்டது மெக்சிகோவின் தொலூக்காவில், எஞ்சின் மிச்சிகனில். எங்கள் பிள்ளைகளின் கதை போலத்தான். அபார்த்தின் கதையும் அப்படியே: கார்ல் அபார்த் 1908இல் வியன்னாவில் பிறந்தவர், இத்தாலிக்குப் போய் கார்லோ ஆனவர், 1949இல் கம்பனி தொடங்கியவர். 1971இல் பியற் அதை வாங்கியது. தேள் சின்னம் அவருடைய ராசி. "விருச்சிகமோ? நட்சத்திரம் என்னவாம்?" என்று அம்மா கேட்டா. அது எனக்குத் தெரியாது.

காரை எடுத்த சனிக்கிழமை டொலார்-தெ-ஓர்மோ முருகன் கோயிலுக்குப் போய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். முதல் தரம் நசியவில்லை, எஞ்சின் நின்றுவிட்டது. எனக்கு மனுவல் ஓடத் தெரியாது என்பதை இவ்வளவு நேரமும் சொல்லவில்லை.

"கிளச்சை அமத்து. இப்ப மெல்ல விடு. மெல்ல எண்டனான்!" யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரில் பழகிய அப்பா, பக்கத்துச் சீற்றில் இருந்து தன் காலையும் சேர்த்து அமத்தினார். மூன்று ஞாயிறு, வெறும் தரிப்பிடங்களில் இதே வேலை. அந்த மொறிஸ் யாருடையது, அது என்ன ஆனது என்பதை மூன்றாம் ஞாயிறுதான் சொன்னார். அது அவருடைய அண்ணருடையது. 1995 இடப்பெயர்வில் பெற்றோல் இல்லாமல் வீட்டு முற்றத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்களாம். திரும்பிப் போன அண்ணர் கண்டது சில்லில்லாத கோதை. பெரியப்பாவிடம் கார் இருந்ததே எனக்குத் தெரியாது.

பின் சீற்றில் இரண்டு பேருக்கு மட்டும்தான் இடம். ஆறு வயது மகளுக்கு பூஸ்ரர் பொருந்துகிறது (145 சென்ரிமீற்றர் உயரம் அல்லது ஒன்பது வயது வரை இங்கே கட்டாயம்). வீட்டில் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள், அப்பாவோடு சேர்ந்து மட்டையில் படுத்து, காரின் அடியைத் தட்டப் பழகிவிட்டாள். போன கிழமை கரண்டியோடு வானுக்குக் கீழே போனவள் அங்கிருந்து கத்தினாள்:

"அப்பப்பா, இது சொத் எண்டு கேக்குது. கறள்!"