நீலத்துக்குச் செம்பு, நடுக்கத்துக்கும் செம்பு

வாணவெடியில் நீலம் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம் போதும். பச்சைக்குப் பேரியம், அதற்கு இப்போது உச்ச நீதிமன்றத் தடை. நீலத்துக்குச் செம்பு உப்பு வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும். சிவகாசியில் மணிமருந்து செய்பவர்களுக்கு இது பாலபாடம்.

உடம்புக்கும் செம்பு வேண்டும், துளியளவு. சாப்பாட்டில் வந்து மிஞ்சும் செம்பைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியே தள்ளுகிறது. அந்த வேலையைச் செய்யும் புரதத்தின் பெயர் ஏடிபி7பி. அதற்கான மரபணு தாய், தந்தை இருவர் வழியாகவும் பழுதாக வந்துவிட்டால், செம்பு கல்லீரலில் தேங்கி, பிறகு மூளைக்கும் போகும். முத்துமுத்தாக எழுதிய பிள்ளையின் கையெழுத்து கோணலாகும், பேச்சு குழறும், எச்சில் வழியும், கை நடுங்கும். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். லண்டன் மருத்துவர் கின்னியர் வில்சன் 1912-இல் விவரித்ததால் இது வில்சன் நோய்.

பட்டாசு ஊரில் கை நடுங்கினால் பழி மருந்தின் மேல்தான் விழும். ஆனால் வில்சன் நோய்க்கு ஆலைத் தூசி காரணமல்ல. தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேலான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டும்போது, ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் கட்டிய எல்லார் வீட்டிலும் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். அசலில் கட்டியவர் வீட்டிலும் வரும்.

கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். செருலோபிளாஸ்மின் என்னும் ரத்தப் புரதம் 100 மி.லி.க்கு 20 மி.கி.க்குக் கீழே இறங்கினால் சந்தேகம் எழும். ஆனால் உடம்பில் அழற்சி இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ அந்த அளவு ஏறி, நோயை மறைத்துவிடும். மரபணுவைப் படிக்கலாம் என்றால், பிழை ஒரே இடத்தில் இருப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. குழு பெரும்பாலும் தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்விலும் பலவகைப் பிழைகள் இருந்தன. உலக அளவில் பல நூறு. அவற்றில் சில கெடுதலா, சும்மா இருக்கும் வேறுபாடா என்றே சொல்ல முடியவில்லை.

ஆர்டர் சீட்டில் எழுதியிருப்பது மரபணு. பெட்டியில் வந்து இறங்கிய சரக்குதான் புரதம். சீட்டு புரியவில்லையா, பெட்டியைத் திறந்து எண்ணிவிடலாம். 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அதைத்தான் செய்தது. காகிதத்தில் காய்ந்த ரத்தத் துளியில் ஏடிபி7பி-யின் துண்டுகளை அளந்தார்கள். 216 நோயாளிகளில் 199 பேருக்கு அது குறைவு. எனக்கு இதில் பிடித்தது அந்தக் காகிதம்தான்: ரத்தத்தைப் பனிக்கட்டியில் பொதிந்து ஓட வேண்டியதில்லை.

மருந்தும் உண்டு. ஜான் வால்ஷ் என்ற ஆங்கில மருத்துவர் பெனிசிலமினைத் தானே முதலில் விழுங்கிப் பார்த்துவிட்டு நோயாளிக்குக் கொடுத்தார். 1956-இல் அதை வெளியிட்டார். செம்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும் மருந்து அது. ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். விட்டால் செம்பு மறுபடி ஏறும்.

வீட்டில் ஒரு பிள்ளைக்கு வில்சன் நோய் என்று தெரிந்தால், கூடப்பிறந்தவர்களையும் உடனே சோதியுங்கள். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று.