வலது சிறுநீரகம் வீங்கியிருக்கிறதா?

எங்கள் மையத்துக்கு வரும் அக்கா ஒருவருக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் எடுத்தார்கள். "வலது சிறுநீரகம் கொஞ்சம் வீங்கியிருக்கு" என்றார்களாம். அன்று இரவு அவர் தூங்கவே இல்லை.

கர்ப்பத்தில் பலருக்கும் இப்படி ஆகும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு மெல்லிய குழாய் வருகிறது. கர்ப்ப காலத்தில் அந்தக் குழாய் தளர்ந்துவிடும். வளரும் கருப்பையும் அதை அழுத்தும். கருப்பை பெரும்பாலும் வலப்பக்கம் சாயும். அதனால் வலப்பக்கம்தான் சிறுநீர் அதிகம் தேங்கும். சிறுநீரகமும் 1 சென்டிமீட்டர் அளவு நீளும். பிள்ளை பிறந்த சில வாரங்களில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இல்லை. காதுக்குக் கேட்காத ஒலிதான். விலாப்பக்கம் பசை தடவி, கருவியை வைத்துப் பார்ப்பார்கள். வலிக்காது. தேங்கிய நீர் படத்தில் கறுப்பாகத் தெரியும். (ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.)

ஆனால் குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே கடும் வலி, நீர்க்கடுப்பு, சிறுநீரில் ரத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். கல்லாக இருக்கலாம். கிருமி சேர்ந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய ஸ்கேன் சீட்டையும் கொண்டு போங்கள். அன்று எவ்வளவு வீக்கம், இன்று எவ்வளவு என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பார்.