ஷுகர் இருக்கா? மழைக்காலக் காய்ச்சல் விடலையா? கல்லீரலில் சீழ் வைக்கும் சேற்றுக் கிருமி!

மழை விட்டு ஒரு வாரம். வயலில் இறங்கிக் களை பறித்துவிட்டு வந்த ஐம்பது வயதுக்காரருக்குக் காய்ச்சல். பத்து வருடமாக ஷுகர். மாத்திரையை ஒருநாள் போட்டு ஒருநாள் விடுகிறவர். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரைக்குக் காய்ச்சல் அடங்கவில்லை. டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றதும் ஸ்கேன் எடுக்கிறார்கள். கல்லீரலில் சீழ்க்கட்டி!

இவர் ஓர் உதாரண மனிதர்தான். ஆனால், இதே வரிசையில் மருத்துவமனைக்கு வந்து சேர்கிற நிஜ நோயாளிகள் இருக்கிறார்கள்.

கல்லீரலில் சீழ் கட்டுவது புதிதல்ல. அமீபாவால் வரும், குடலில் இருக்கும் வேறு பாக்டீரியாக்களாலும் வரும். பெரும்பாலும் அவற்றுக்கான மருந்தைக் கொடுத்து, தேவைப்பட்டால் ஊசி வழியாகச் சீழை எடுத்தால் சரியாகிவிடும். அப்படியும் காய்ச்சல் விடாதபோதுதான் வேறொரு பெயர் அடிபடும். அது மெலியாய்டோசிஸ். கிருமியின் பெயர் பர்கோல்டேரியா சூடோமல்லை. குடியிருப்பது ஈர மண்ணிலும், தேங்கிய நீரிலும்.

ரங்கூனில் கண்டுபிடித்த கிருமி

இந்த நோயை உலகுக்குச் சொன்ன இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி. பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்த காலம். ரங்கூனில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த ஆல்ஃப்ரெட் விட்மோரும், அவருடன் பணியாற்றிய சி.எஸ்.கிருஷ்ணசாமியும் 1911-ல் பிணப் பரிசோதனைகளில் இதுவரை பார்க்காத ஒரு கிருமியைக் கண்டார்கள். 1912-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் பார்த்த உடல்களில் பல, மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகி உடல் நொந்துபோனவர்களுடையவை. எதிர்ப்பு சக்தி குறைந்த உடலைத்தான் இந்தக் கிருமி தேடும் என்பதற்கான முதல் தடயம் அங்கேயே இருந்தது. நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்று பெயர் வந்தது. கிருஷ்ணசாமியைப் பலரும் மறந்துவிட்டார்கள் என்பது தனிக்கதை.

வெயில் காலத்தில் மண்ணுக்கு அடியில் கிடக்கும் கிருமி, மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது மேலே வருகிறது. காலில் உள்ள வெடிப்பு, சின்னக் காயம் வழியாக உடலுக்குள் நுழையும். காய்ச்சாத தண்ணீரோடு வயிற்றுக்குள் போகலாம். பலத்த காற்று மழையில் மூச்சு வழியாகவும் போகலாம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். நோயாளியைத் தனியாக ஒதுக்க வேண்டியதில்லை.

சேற்றில் இறங்குகிற எல்லோருக்கும் இது வருவதும் இல்லை. ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால், கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். அதனால்தான் நோயாளிகளில் பாதிப்பேர் அளவுக்கு ஷுகர்காரர்களாக இருக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய், அதிகக் குடி, தலசீமியா, நீண்ட நாள் ஸ்டீராய்டு, புற்றுநோய் சிகிச்சை ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும்.

பெயரில்தான் அபூர்வம்

2016-ல் வெளியான ஓர் ஆய்வு, உலகில் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் 44 சதவிகிதம் தெற்காசியாவில். வேலூர், புதுச்சேரி, மணிப்பால் மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் இந்த நோயாளிகளைப் பற்றிய கட்டுரைகள் வந்திருக்கின்றன. தேடுகிற இடத்தில் கிடைக்கிறது. தேடாத இடத்தில் ‘அபூர்வம்’ ஆகிவிடுகிறது.

கண்டுபிடிப்பதில் சிக்கல் இருக்கிறது. நுரையீரலைத் தாக்கினால் டி.பி மாதிரியே தெரியும். கல்லீரல் கட்டி ஸ்கேனில் தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்தாலோ, கூடவே மண்ணீரலிலும் கட்டி இருந்தாலோ டாக்டருக்குச் சந்தேகம் வரும். உறுதி செய்வது கல்ச்சர் டெஸ்ட்தான். சீழ், ரத்தம், சளி, சிறுநீர் என எதில் வேண்டுமானாலும் கிருமி வளரலாம். பழக்கமில்லாத லேபில், ‘ஏதோ சாதாரண சூடோமோனாஸ்’ என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பும் உண்டு.

தாமதத்தின் விலை பெரிது. ஆஸ்திரேலியாவின் டார்வின் பகுதியில் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு மரணம் குறைந்திருக்கிறது. தாய்லாந்தின் வடகிழக்கில் 40 சதவிகிதம் வரை பதிவாகியிருக்கிறது. கிருமி ஒன்றுதான். சீக்கிரம் கண்டுபிடிப்பதும், சரியான மருந்தும், ஐ.சி.யூ வசதியும்தான் வித்தியாசம்.

மண்ணிலும் நீரிலும் இதற்கு ஒரு தூரத்துக் கூட்டாளியும் உண்டு. பெயர் குரோமோபாக்டீரியம் வயலேசியம். லேப் தட்டில் கத்தரிப்பூ நிறத்தில் அழகாக வளரும். மனிதருக்கு வருவது நிஜமாகவே அபூர்வம். ஆனால், வெள்ளை அணுக்களில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு வந்தால் கல்லீரலில் சீழ் வைத்து உயிருக்கே உலை வைக்கும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

ஷுகர் இருந்து, காய்ச்சல் ஒரு வாரம் தாண்டினால், வயல், குளம், வெள்ளத்தண்ணீர் என எதில் இறங்கினீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கல்லீரலிலிருந்து சீழ் எடுத்தால், “கல்ச்சருக்கு அனுப்புறீங்களா டாக்டர்?” என்று கேட்பதில் தப்பில்லை. காலில் புண் ஆறும்வரை சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. இறங்கியே ஆக வேண்டும் என்றால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம். குடிப்பது கொதிக்கவைத்து ஆறிய நீராக இருக்கட்டும்.

வழக்கமான பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இந்தக் கிருமி அசைந்துகொடுக்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி குறைந்தது இரண்டு வாரம். கல்லீரலில் கட்டி இருந்தால் இன்னும் அதிக நாள். அதன்பின் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம். சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிறையப் பேர் கோட்டைவிடுவது இந்த மாத்திரையில்தான். காய்ச்சல் போய், பசி எடுத்து, வேலைக்கும் கிளம்பிவிட்ட பிறகு மாத்திரை எதற்கு என்று தோன்றும். நடுவில் நிறுத்தியவர்களுக்கு, மாதங்கள் கழித்து அதே காய்ச்சல் திரும்பி வந்திருக்கிறது.